தண்ணீரைக் கழித்து எழுதிய சோறு

வயிற்றை வெட்டுவதற்கு முன்னால் மனத்தைப் பார்ப்பார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இரத்தம், இருதயம், நுரையீரல், ஈரல் எல்லாம் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். பார்த்தார்கள். மொத்தம் பதினொரு பரிசோதனை. பதினொன்றிலும் தேறினேன். பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். அதுவும் நான் சொன்ன பதிலால் அல்ல. என் மனைவி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு நோட்டால்.

இதே அறுவைக்காக வரிசையில் நிற்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கலாம்.

முதலில் என் விவரம். வரிசையில் நின்றபோது எனக்கு வயது அறுபத்து நான்கும் ஐந்து மாதமும். உயரம் நூற்று அறுபத்து நான்கு செண்டிமீட்டர். எடை நூற்று இருபத்தாறு கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்ணை உடல் நிறைக் குறியீடு என்கிறார்கள். அது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு நாற்பத்தாறு புள்ளி எட்டு. சர்க்கரை நோய் பதினேழு வருடம். இரண்டு முழங்காலிலும் எலும்போடு எலும்பு உரசுகிறது. முழங்காலுக்கு அறுவை செய்யலாமா என்று கேட்டதற்கு, எலும்பு டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தூக்கத்தையும் அளந்தார்கள். உடம்பில் பதினான்கு கம்பிகளை ஒட்டி வார்டில் படுக்கவைத்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். கழுத்துச் சதை தொண்டையை அமுக்குவதால் வருவது இது. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு காற்று இயந்திரம் வேண்டும் என்றார்கள். தைப்பிங்கில் இருக்கும் என் மகள் மாலா அதை வாங்கி அனுப்பினாள். என்ன விலை என்று நான்கு முறை கேட்டேன். "போட்டுக்கிட்டுத் தூங்குங்கப்பா" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது செருப்பு. குனிந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. நான்கு வருடமாக என் செருப்பு வாரை என் மனைவி சரோஜாதான் தரையில் உட்கார்ந்து மாட்டிவிடுகிறாள். வெளியே கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் கழற்ற ஒரு தடவை. என் செருப்பை நானே மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த அறுவையிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்கள். ஒரு கைப்பிடிக்கு மேல் உள்ளே போகாது. அறுவை டாக்டர் படம் வரைந்து காட்டினார். காட்டிவிட்டு, "அங்கிள், அறுபத்தைந்து தாண்டிட்டா நாங்க ரொம்ப யோசிப்போம். அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார். எனக்கு ஏழு மாதம் இருந்தது. மாதக் கடைசிக்கு நாளும் குறித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அது மனநலப் பிரிவில் உளவியல் அதிகாரி போட வேண்டியது.

அந்தப் பிரிவு ஈப்போ மருத்துவமனையில் ஒரு நீண்ட நடைக்குக் கடைசியில் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் இருபத்து மூன்று நாற்காலிகள். அதில் கைப்பிடி இல்லாதது ஆறு. என்னைப் போன்றவர்கள் உட்காரக்கூடியது அந்த ஆறுதான். ஐந்தாவதில் உட்கார்ந்திருந்தவர் தாப்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர். நாற்பத்தொரு வயது. நூற்று நாற்பது கிலோ. அவரும் அதே கையெழுத்துக்குத்தான் வந்திருந்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. இந்த ஒண்ணுதான் உடையாம இருக்கு" என்று இடம் காட்டினார். "உள்ள போயி எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிருங்க. கவலையா? இல்ல. அழுகை வருதா? இல்ல. ஒளிச்சுத் திங்கிறீங்களா? இல்ல. முடிஞ்சிச்சு. ஆமான்னு ஒண்ணு சொன்னீங்க, ரொம்ப சூசா லா, கஷ்டம். திரும்பத் திரும்ப வரச் சொல்லுவாங்க."

"நான் எதுக்கு ஒளிக்கணும்? எழுதியே கொண்டாந்திருக்கேன்" என்று என் நோட்டைக் காட்டினேன்.

காதர் அதைப் புரட்டிப் பார்த்தார். "யா அல்லா. வாத்தியாரா அண்ணே நீங்க?"

"கிராணி."

எங்களூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர்த் தோட்டத்தில் ஆள் கணக்கும் பால் கணக்கும் எழுதுகிறவர் கிராணி. சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். மதியம் மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர்கள், வாளியோடு வரிசையில் வந்தால் பாலை நிறுத்து எழுதுவேன். தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் கணக்கு. எழுதாமல் நான் இருந்த நாள் கிடையாது.

ஆகவே உணவியல் அதிகாரி மூன்று மாதத்துக்குச் சாப்பாட்டை நிறுத்து எழுதச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு சின்னத் தராசு வாங்கினேன். தொண்ணூற்று இரண்டு நாள், ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

உளவியல் அதிகாரியின் பெயர் மிஸ் தேவி. என் மகளைவிடச் சின்னப் பெண். நல்ல தமிழ் பேசினாள். முதலில் ஒரு தாளைக் கொடுத்துக் கட்டங்களில் குறியிடச் சொன்னாள். தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை பற்றிய கேள்விகள். காதர் சொன்னதை நான் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கேட்டேன். எல்லாவற்றிலும் 'இல்லை' கட்டத்தில் குறியிட்டேன்.

அதன் பிறகு என் நோட்டை எடுத்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"மத்தியானம் சோறு எண்பது கிராம். ராத்திரி எழுபது. இவ்ளோதானா, அங்கிள்?"

"அவ்வளவுதாம்மா."

"இப்படிச் சாப்பிட்டா மூணு மாசத்துல எடை எறங்கியிருக்கணுமே. உங்களுக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கு."

"அதான் எனக்கும் விளங்கல. உடம்பு வாகு."

அவள் சிரிக்கவில்லை. "ஆன்ட்டிகிட்ட கொஞ்சம் பேசலாமா? தனியா?" என்றாள். வழக்கம்தானாம். வீட்டில் கூட இருப்பவர் ஒருவரிடம் கேட்பார்களாம். எனக்கு என்ன பயம்? சரோஜாவை உள்ளே அனுப்பிவிட்டு ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாற்பத்தொரு நிமிடம். காதர் உள்ளே போய் வெளியே வந்தது பத்து நிமிடம். இரண்டு அறை தள்ளி இன்னோர் அதிகாரி அவரைப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "பாஸ் லா, அண்ணே" என்று கிளம்பிவிட்டார்.

என்னை மறுபடி கூப்பிட்டபோது சரோஜா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் என் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு இருந்தது. பச்சை அட்டை. பள்ளிப் பிள்ளைகள் வாங்குவது.

"ஆன்ட்டி, நீங்களே சொல்றீங்களா?" என்றாள் மிஸ் தேவி.

சரோஜா நோட்டை என் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான்.

திறந்தேன். அவள் கையெழுத்து. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் பக்கங்களில் கோடு போட்டுப் பத்தி பிரித்திருந்தது அப்படியே நான் செய்வது மாதிரி. தேதி, நேரம், பொருள், அளவு, குறிப்பு. கல்யாணமான புதிதில் நான் ஆள் கணக்குப் புத்தகமான செக்ரோல் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஆசையாகப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மத்தியானம் சோறு, இருநூற்று நாற்பது. நான் தட்டைத் தராசில் வைத்தபோது தராசில் தெரிந்த எண் அதுதான். பின்னால் நின்று பார்த்து எழுதியிருக்கிறாள். காலை பத்து மணி, பேப்பர் வாங்கப் போனது, ரொட்டி சானாய் இரண்டு அல்லது மூன்று. குறிப்பு: சட்டையில் சால்னா. இன்னொரு நாள்: வாயில் தே தாரிக் மணம். பேப்பர் கடைக்கு அடுத்த கடையில் நான் தின்ற பரோட்டாவையும் குடித்த பால் டீயையும், என்னைப் பின்தொடராமலேயே, என் சட்டையைத் துவைத்துக் கண்டுபிடித்திருந்தாள்.

"இங்க இருநூத்தி நாப்பது, உங்க நோட்டுல எண்பது. ஏன் அங்கிள்?" மிஸ் தேவி மெதுவாகத்தான் கேட்டாள்.

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? மரத்துப் பாலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். தோட்டத்தில் தண்ணீருக்குக் கூலி கிடையாது. வாளியை நிறுத்து, உள்ளே ஒரு மானியை மிதக்கவிட்டு, தண்ணீரைக் கழித்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு நிற்குமோ அதைத்தான் எழுதுவோம். ஈர எடையை எழுதுகிறவன் கிராணியே அல்ல. சோறும் அப்படித்தானே? ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீரால் உடம்பு எடை போடாது என்று உலகத்துக்கே தெரியும். அதனால் கழித்தேன். என் கணக்கில் பொய் இல்லை.

மிஸ் தேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த எண்பதைச் சோத்து எடைன்னு நெனச்சுத்தான் நாங்க எல்லாரும் படிச்சோம். சரி, சோத்துக்குக் கழிச்சீங்க. விளங்குது. ரொட்டி சானாய்?"

ரொட்டி எழுதப்படவே இல்லை. ரொட்டியில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"அங்கிள், இந்தச் சோத்துக் கணக்கு எனக்குப் பெரிசில்ல. கடைசிப் பத்தியைப் பாருங்க."

கடைசிப் பத்திக்குத் தலைப்பு இல்லை. வெறும் கோடுகள். நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. வாளி எண்ணும்போது நாங்கள் போடுவது மாதிரி. எண்ணினேன். மூன்று மாதத்தில் இருபத்தேழு.

"என்ன இது?" என்று சரோஜாவைக் கேட்டேன்.

"செத்துத் தொலைஞ்சாத் தேவலன்னு நீங்க சொன்னது" என்றாள். "செருப்பு மாட்டையில சொல்லுவீங்க. சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு."

அது பேச்சுக்குச் சொல்வது. யார் வீட்டில் சொல்லவில்லை? ஆனால் அந்தப் பெண் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் தனியாக ஒளித்துச் சாப்பிடுவதையும், சாப்பிட்டபின் வெறுத்துக்கொள்வதையும், இந்த இருபத்தேழையும் சேர்த்து மனச்சோர்வு நோய் என்றாள். அது கோழைத்தனம் இல்லை, சர்க்கரை மாதிரி ஒரு நோய் என்று விளக்கினாள். சிலருக்குச் சாப்பாடுதான் ஊன்றுகோல். இரைப்பையை வெட்டிய பிறகு அந்த ஊன்றுகோல் ஒரே நாளில் போய்விடும். அந்த நேரத்தில் மனம் ஏற்கெனவே விழுந்து கிடந்தால் ஆபத்து. எனவே முதலில் இதைக் கவனிக்க வேண்டும். "ஃபெயில் இல்ல, அங்கிள். தள்ளி வெச்சிருக்கோம்."

மாதக் கடைசித் தேதி போனது. நான் எழுதியது தொண்ணூற்று இரண்டு நாள். அதைக் கவிழ்க்கச் சரோஜாவுக்கு நாற்பத்தொரு நிமிடம் போதுமாக இருந்தது.

காரை நான்தான் ஓட்டினேன். வீடு வரை ஒன்பது விளக்கு, அதில் ஏழு சிவப்பு. செருப்பு வாரைக் கழற்ற அவள் உட்கார்ந்தபோது காலை இழுத்துக்கொண்டேன். செருப்போடு வீட்டுக்குள் நடந்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் வீட்டுக்குள் செருப்புக்கால் பட்டது அன்றுதான். அவள் துணியை எடுத்துப் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

பதினொரு நாள் நான் பேசவில்லை. மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். வைத்த சோற்றைத் தின்றேன். பன்னிரண்டாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"முப்பத்தெட்டு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, எனக்குத் தெரியாம என் பின்னால நின்னு கணக்கு எழுதியிருக்கியே. ஒனக்கே நல்லாருக்கா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கம்மா வாளியில மழ நாள்ல ரெண்டு புள்ளி கூடக் கழிச்சு எழுதுவீங்களே. அவங்களுக்குத் தெரிஞ்சா எழுதுனீங்க?"

சரோஜாவின் அம்மா என் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருபத்தெட்டாம் நம்பர் வாளி. மழை விழுந்த பாலில் தண்ணீர் அதிகம் என்று மானி காட்டுவதற்கு மேலும் கொஞ்சம் கழிப்பது உண்டு. தோட்ட மேலாளரான துரையின் உத்தரவு. எல்லா வாளிக்கும்தான், ஒருவருக்கென்று இல்லை. அதை இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட வாயில் எடுத்ததில்லை.

"அது வேல. துரை சொன்னாரு."

"ஆமா, சொன்னாரு. எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. வாளி எவ்ளோ கனம்னு தோளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழுவாங்க."

"தெரிஞ்சுதானே என்னெக் கட்டிக்கிட்ட?"

"அது வேற லா." கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். "நான் ஒரு கிராம் கூட்டவும் இல்ல, கழிக்கவும் இல்ல. பாத்தத எழுதுனேன். செத்தாத் தேவல, செத்தாத் தேவலன்னு என் தலைக்கு மேல நின்னு சொல்லுவீங்க. நான் கீழ உக்காந்திருப்பேன். யாருகிட்டப் போயிச் சொல்லுறது? நீங்க எழுதி வெச்சத்தான நம்புவீங்க? அதான் எழுதுனேன்."

எனக்குப் பதில் இருந்தது. என்னிடமே காட்டியிருக்கலாம், வெளி ஆளிடம் கொடுத்தது துரோகம் என்பதுதான் பதில். இன்றைக்கும் என் பதில் அதுதான். அன்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் காலை நீட்டினேன். அவள் வாரை மாட்டினாள்.

நான்கு மாதத்தில் எட்டு தடவை மிஸ் தேவியிடம் போனேன். அங்கே செய்வதைச் சிகிச்சை என்கிறார்கள். பார்த்தால் பேச்சுத்தான். ரொட்டி சாப்பிடப் போவதற்கு முன் மனத்தில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். தோட்டம் போனதைப் பற்றி, கடையில் என் வேலையைக் கணினிக்குக் கொடுத்ததைப் பற்றி எல்லாம் கேட்டாள். இரண்டு தடவை அழுதேன். மாத்திரை வேலை செய்ய ஐந்து வாரம் பிடித்தது. எடை ஏழு கிலோ இறங்கியது. ஈர எடையில்.

எட்டாவது தடவை போனபோது ஐந்தாவது நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது.

"அண்ணே, நான்தாண்ணே. காதர்."

"அடேயப்பா. எத்தன கிலோ எறங்குச்சு?"

"முப்பத்தஞ்சு." கையைப் பிசைந்தார். "கடையில நிக்க முடியல, அண்ணே. ரொட்டி வாசன வந்தா அழுகை வருது. பால் டின்ன ஒடச்சு ஸ்பூன் ஸ்பூனா நக்குறேன், பின்ன வாந்தி. பொண்டாட்டி கூட்டியாந்து உட்டுச்சு. அன்னிக்கு எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்னேன்ல? இப்ப எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ல வந்திருக்கேன்."

சரோஜா என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கோபப்பட்டிருப்பேன்.

அன்றுதான் மறுமதிப்பீடு. எனக்கு அறுபத்தைந்து நிறைய ஒன்பது வாரம் இருந்தது. இந்தத் தடவையும் கையெழுத்து விழாவிட்டால் அவ்வளவுதான் என்பது எனக்கும் சரோஜாவுக்கும் மிஸ் தேவிக்கும் தெரியும். அதே தாள், அதே கட்டங்கள். ஒளித்துச் சாப்பிட்டதா? போன மாதம் இரண்டு தடவை என்று குறித்தேன். அடுத்தது அந்தக் கேள்வி. செத்துவிட்டால் நல்லது என்று தோன்றியதா? கடந்த ஒரு மாதத்தில்?

சரோஜாவின் மடியில் அந்தப் பை இருந்தது. நோட்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பை தட்டையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் தேதி கிடைக்கும். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

"சொல்லியிருக்கேம்மா," என்றேன். "மூணு தடவ."

"நாலு" என்றாள் சரோஜா.

இப்போதுமா? இந்த இடத்திலுமா?

மிஸ் தேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணுன்னே வெச்சாலும் சரி, நாலுன்னே வெச்சாலும் சரி. முன்ன வீட்டுல மாசத்துக்கு ஒம்பது தடவ சொல்லிட்டு, எங்ககிட்ட ஒண்ணுமில்லன்னீங்க. இப்ப நீங்களே சொல்றீங்க." பிறகு, சாக வேண்டும் என்று எண்ணமோ திட்டமோ இருக்கிறதா என்று நேராகக் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. அறுவைக்குப் பிறகும் வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து காரின் அருகில் நின்றபோது வார் அவிழ்ந்திருந்தது. சரோஜா குனிந்தாள்.

"நாலாவது எப்போ?"

"செவ்வாக்கிழம. மெதுவாத்தான் சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாளை மறுநாள் வார்டில் சேர வேண்டும். அறுவை அடுத்த நாள். அம்மாவை மன்னித்துவிட்டீர்களா என்று மாலா தொலைபேசியில் கேட்கிறாள். இல்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் இந்த மதிப்பீட்டுக்குப் போகிறவரானால், உங்களுக்கு நான் சொல்லக்கூடியது தட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்பதுதான்.

இன்று காலை சரோஜா குளிக்கப் போன நேரத்தில், வார்டுக்கு எடுத்துவைத்த அவள் பையைத் திறந்து பார்த்தேன். அவளுக்குத் தெரியாமல்தான். இரண்டு கைலி, துண்டு, என் காற்று இயந்திரத்தின் முகமூடி. அடியில் ஒரு புது நோட்டு. தொண்ணூற்றாறு பக்கம். அறுவைக்குப் பிறகு தண்ணீரைக்கூட முப்பது முப்பது மில்லியாக உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் பத்தி. அடுத்தது கஞ்சித் தெளிவு. அடுத்தது நடந்த அடி எத்தனை. எல்லாவற்றுக்கும் தலைப்பு எழுதியிருந்தாள்.

கடைசிப் பத்திக்கும் கோடு போட்டிருக்கிறாள். தலைப்பு எழுதவில்லை.

நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.